நாலு மாசக் குறை

அந்த வீட்டு இரும்புக் கேட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நேராகத் தள்ளினால் யானையே வந்தாலும் அசைந்து கொடுக்காது. இடது கையால் கொஞ்சம் தூக்க வேண்டும், முழங்காலால் ஒரு இடி கொடுக்க வேண்டும், அப்புறம்தான் தள்ள வேண்டும். நர்ஸம்மாவுக்கு இந்த வித்தை கைவர ஒரு மாதம் பிடித்தது. அவள் கணவர் கண்ணை மூடும்வரை அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பால்காரர் ஒன்பது வருஷமாகியும் தேறாமல் இன்னும் தெருவில் நின்றுதான் மணியடிக்கிறார். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நர்ஸம்மா, முன்பின் தெரியாத ஒரு ஆள் கேட்டைத் தூக்கி, இடித்து, தள்ளி, உள்ளே வந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்கையால் அதே மாதிரி சாத்தியதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

ஆளுக்கு இருபத்தாறு வயசு இருக்கும். நல்ல உயரம். முழங்கை வரைக்கும் சாம்பல் பூசின மாதிரி சிமெண்டுத் தூசி, கழுவியும் போகாத தூசி.

"நர்ஸம்மா இருக்காங்களா?"

"நான்தான். யாரு தம்பி?"

அவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். காலுறையைக் கழற்றிச் சுருட்டி ஷூவுக்குள் வைத்தான். படிக்கு இடது பக்கம், சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும் இடத்தில், மழை படாத மூலை ஒன்று இருக்கிறது. சரியாக அங்கே கொண்டுபோய் வைத்தான். நர்ஸம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். முகம் மாறும், குரல் உடையும், மீசை முளைக்கும், பாதம் மட்டும் மாறாது. பெரிசாகும், அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவனுடைய வலது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரல் மேலே உப்புமூட்டை ஏறியிருந்தது.

கால்முந்தி. பிரசவ வார்டில் அவளே வைத்த பெயர். எல்லாப் பிள்ளைகளும் தலையைக் காட்டிக்கொண்டு வரும்போது இவன் காலை நீட்டிக்கொண்டு வந்தான். டாக்டர் வந்து சேர்வதற்குள் இவள் ஒற்றை ஆளாக நின்று, ஒரு மணி நேரம் போராடி, தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தாள். மறக்கக்கூடிய பிரசவமா அது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டை அவளுக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

அவன் கூடத்துக்கு வந்து நின்றான். உட்காரவில்லை. வாசலை ஒட்டின சுவரை விரல் முட்டியால் தட்டினான். டொக், டொக். இரண்டடி தள்ளி இன்னொரு தட்டு.

"என்ன தம்பி பண்ற?"

"தப்பா எடுத்துக்காதீங்க. பழைய கட்டடம் இடிக்கிற வேலை எனக்கு. சுவரைப் பார்த்தா கை தானாப் போயிடுது." மறுபடியும் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். "இது உள்ள வெத்து நர்ஸம்மா. அம்மா இருந்தப்பவே அப்படித்தான். நீங்க மேல மேல பூசி வச்சிருக்கீங்க."

பேச்சுக் குரல் கேட்டு உள்ளேயிருந்து மகள் வந்தாள். எட்டு மாதம். இடுப்பில் ஒரு கை, வாய் நிறையப் பேச்சு. புருஷன் வேலை வேலை என்று ஊர் ஊராகச் சுற்றுகிறவன். பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் அவள் சுவரோடு பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

"உக்காருங்க சார். நீங்க நின்னா நானும் நிக்கணும், நான் நின்னா உள்ள இருக்கிற துரை உதைப்பாரு."

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அவன் கண் போன இடத்தை நர்ஸம்மா பார்த்தாள். மூலையில் இருந்த தையல் மெஷின். மகள் பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள், பாதித் தையலில் துணி ஊசியோடு நின்றிருந்தது. அது அவன் அம்மாவின் மெஷின்.

"இன்னும் ஓடுதா?"

"ஓடுதே. எண்ணெய் விட்டா குதிரை மாதிரி ஓடும்" என்றாள் மகள்.

அவன் தண்ணீர் குடித்தான். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னான். அவனுக்குத் தன் பிறந்த தேதி வேண்டும். பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு தேதி இருக்கிறது, ஆனால் அது அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லி எழுதிய தேதி. பிள்ளையை ஒரு வருஷம் முன்னாலேயே சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வயசைக் கூட்டிச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால், பழைய புத்தகமெல்லாம் கட்டடம் மாற்றும்போது எரித்தாகிவிட்டது என்கிறார்கள்.

"நீங்கதானே பிரசவம் பார்த்தீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"எத்தனையோ ஆயிரம் பிள்ளைங்க தம்பி. ஒவ்வொண்ணா ஞாபகம் வச்சிருந்தா என் தலை வெடிச்சுடும்."

"எல்லாரும் தலையால வருவாங்க. நான் காலால வந்தேனாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

"கால் வர்றதும் வழக்கம்தான்" என்றாள் நர்ஸம்மா. தன் குரல் தனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. "இப்ப எதுக்குத் தேதி?"

அவன் தன் கால்களைப் பார்த்தபடி சொன்னான். "என்னை வளர்த்த மாமா போன மாசம் தவறிட்டாரு. கடைசியில ஒரே புலம்பல். என் வயசை வச்சு ஏதோ பண்ணிட்டேன்னு சொன்னாரு. என்னன்னு கேட்டா சொல்ல வாய் வரல. அந்த நர்ஸம்மாவைக் கேளு, அவளுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டாரு."

வியாழக்கிழமை மறுபடி இந்தப் பக்கம் வேலை இருக்கிறது, அப்போது வருகிறேன், அதற்குள் யோசித்துப் பாருங்கள் என்று சொல்லி எழுந்தான். வழியனுப்ப மகள்தான் கேட் வரை போனாள். நர்ஸம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தபடி, உரித்து வைத்த வெங்காயத்தையே மறுபடி எடுத்து உரித்தாள். கேட்டில் இருவரும் நின்று ஐந்து நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று ஜன்னலுக்குக் கேட்கவில்லை. மகளின் சிரிப்பு மட்டும் ஒரு தடவை கேட்டது.

மறுநாள் காலையில் அவள் வக்கீலைப் பார்க்கப் போனாள். மருந்துக் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறி, ஃபைல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி. இந்த வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அவருடைய மூன்று பிள்ளைகளையும் அவள் கைதான் முதலில் தொட்டது. ஒரு சந்தேகம், தெரிந்தவர்களுக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சவங்களுக்குத்தான் சிஸ்டர் எல்லாரும் கேப்பாங்க. சொந்த சந்தேகத்தோட இந்தப் படியேறி வந்தவங்க யாருமே இல்ல" என்றார் வக்கீல்.

பதினெட்டு முடியாத பையன் ஒருத்தன் வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கத்தியைக் காட்டி வாங்கின கையெழுத்து, பொய் சொல்லி வாங்கின கையெழுத்து, வளர்த்தவன் அதிகாரம் பண்ணிப் போட வச்ச கையெழுத்து, இதெல்லாம் நோயாளி மாதிரி. உயிர் இருக்கு. பாதிக்கப்பட்டவன் வந்து எனக்கு இது வேண்டாம்னு சொல்ற வரைக்கும் நடமாடும். சொல்லாமலே விட்டுட்டான்னா நூறு வயசு வரைக்கும்கூட இருக்கும். மைனர் போட்டது அப்படி இல்ல. அது செத்துப் பிறந்த பிள்ளை. ஒன்பது வருஷம் துணி சுத்தி மடியில வச்சிருந்தாலும் அழாது."

"ஒன்பது வருஷம்னு நான் சொல்லலையே."

"யாருக்குன்னு நானும் கேக்கலையே."

மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாலு மாசம்தான் குறையுதுன்னா?"

"நாலு நாள் குறைஞ்சாலும் அதேதான்."

"குறைமாசத்துல வந்ததை எத்தனையோ பொழைக்க வச்சிருக்கேன் சார்."

"இதுக்கு இன்குபேட்டர் கிடையாது சிஸ்டர்." அவர் சிரிக்கவில்லை. "ஆனா நிரூபிக்கணுமே. பள்ளிக்கூடத் தேதிப்படி அன்னைக்கு அவனுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு, நானே பார்த்துத்தான் எழுதினேன். அதை உடைக்கணும்னா பிறந்த அன்னைக்கே எழுதின ஆஸ்பத்திரிப் புத்தகம் வேணும். அதைத்தான் எரிச்சாச்சே. உங்களுக்குத் தெரிஞ்சவங்க பயப்படாம தூங்கலாம்."

அவள் எழுந்து வாசல் வரை வந்தபோது அவர் பின்னாலிருந்து சொன்னார்.

"அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. வயசு பத்தலைன்னு அன்னைக்கே தெரிஞ்சு வாங்கினாங்களான்னு. தெரிஞ்சு வாங்கியிருந்தா, நாளைக்குக் கோர்ட்டுல நின்னு நான் பேசுறதுக்கு வாயில்லாமப் போயிடும்."

அவள் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, குழந்தை இறங்குவதுபோல இறங்கினாள்.

தெரியாமலா இருந்தது. பதிவு அலுவலகத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். அவனுடைய தாய்மாமன், பையனுக்குப் பக்கத்தில் நின்று அவன் பிடரியில் கை வைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பாசமாகத் தெரியும். பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவுக்கு அந்தக் கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது தெரிந்தது. பையன் செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைமுன் போய் நின்றான். அந்தக் காலைப் பார்த்த நிமிஷம் அவளுக்குப் பிரசவ அறை ஞாபகம் வந்தது. அவன் பிறந்த அன்று வெளியே மார்ச் மாத வெயில். புருஷனோடு அதற்கு முந்தின வாரம்தான் அவள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போய் மகளின் ஆட்டம் பார்த்திருந்தாள், மகளுக்கு அப்போது மூன்று வயசு. மகளின் வயசை வைத்து, கைப்பைக்குப் பின்னால் விரல் மடக்கி எண்ணினாள். பதினெட்டுக்கு நாலு மாசம் உதைத்தது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் நாலு. பள்ளிக்கூடச் சான்றிதழை நம்பினால், இந்தப் பையன் தாய் வயிற்றில் தங்கிய அன்றைக்கே பிறந்துவிட்டான். ஒன்பது மாதத்தை அப்படியே விழுங்கியிருந்தாள் மகராசி.

"பையனுக்கு வயசு ஆச்சில்ல?" என்று வக்கீல் அப்போது பொதுவாகக் கேட்டார். மாமா சான்றிதழை நீட்டினார். வக்கீல் பழக்கதோஷத்தில் நர்ஸம்மாவையும் ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையாட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு வாடகை வீடு. ஆணி அடிக்காதே, பத்து மணிக்குமேல் குழாயைத் திறக்காதே, விருந்தாளி எத்தனை நாள் இருப்பார்கள். அத்தனையும் சேர்ந்து அந்தத் தலையை ஆட்டியது. நாலு மாதம் பொறுத்து வாங்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மாமா வேறு ஆளுக்கு முடித்திருப்பார். பையன் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், அதுவும் அவளைப் பார்த்து. "அம்மாவோட தையல் மெஷினை எடுத்துக்கலாமா?" மாமா முந்திக்கொண்டார். "அதெல்லாம் வீட்டோட சேர்த்திடா." அதற்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் புடவைகூட மாற்றாமல் பரணுக்கு ஏணி தேடினாள். ஆஸ்பத்திரி கட்டடம் மாறியபோது பழைய பதிவுப் புத்தகங்களைக் கொல்லையில் குவித்துக் கொளுத்தினார்கள். தன் கையெழுத்தில் இருந்த பதினோரு புத்தகங்களை மட்டும் அவள் யாருக்கும் தெரியாமல் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். என்னமோ, தன் பிள்ளைகளையே நெருப்பில் போடுகிற மாதிரி இருந்தது அன்றைக்கு. பரணில் தகரப் பெட்டியில் இருக்கின்றன. இன்றைக்கு மாலை அடுப்படிக்குப் பின்னால் குப்பை கொளுத்தும் இடத்தில் பதினொன்றில் ஒன்று குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள்.

மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஏணியா? அந்தத் தம்பிக்குப் புத்தகம் எடுக்கத்தானே? பார்த்து ஏறும்மா."

நர்ஸம்மா ஏணியைப் பிடித்தபடியே நின்றாள். "எந்தப் புத்தகம்?"

"பரண்ல இருக்கே, உன் பிரசவப் புத்தகம். நேத்து கேட் வாசல்லயே சொல்லிட்டேனே. எங்கம்மா ஒண்ணையும் தூக்கிப் போடாது, பெட்டி நிறைய வச்சிருக்கு, உங்க தேதி கண்டிப்பா அதுல இருக்கும்னு. பாவம்மா, ரொம்ப சந்தோஷப்பட்டுச்சு. புத்தகத்துல குழந்தையோட பாதத்தை மையில ஒத்தி எடுப்பீங்களாமேன்னு கேட்டுச்சு. நான் ஆமான்னேன்." மகள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, சொல்லக் கூடாதா?"

"வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரணும் உனக்கு."

"உன்கிட்ட இருக்கிறதை நீ குடுத்துருக்கணும், பிறக்கும்போதே" என்று சிரித்துவிட்டு மகள் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

பரணில் ஓட்டுக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கியது. பெட்டிக்குள் எலிப் புழுக்கை வாசனை. ஏழாவது புத்தகம். தேட வேண்டியிருக்கவில்லை, விரல் நேராகப் போய் நின்றது. பக்கத்துக்கு எட்டுப் பிள்ளைகள். தேதி, நேரம், எடை, தாயின் பெயர், கடைசிக் கட்டத்தில் வலது பாதத்தின் மைத்தடம். மேலிருந்து ஐந்தாவது வரிசையில் அவள் கையெழுத்து, மார்ச் மாதத் தேதி, 'கால் முந்தியது, இருவரும் நலம்'. பக்கத்தில் அவரைக்காய் அளவுக்கு ஒரு பாதம். மற்ற ஏழு தடத்துக்கும் விரல் புள்ளி ஐந்து, இதற்கு மட்டும் நாலு. மேலே ஏறியிருந்த விரல் காகிதத்தில் படவே இல்லை.

தாளைக் கிழித்துவிடலாம் என்று ஓரத்தைப் பிடித்தாள். நூல் போட்டுத் தைத்த புத்தகம். ஒரு தாளை இழுத்தால் அதன் மறுபாதி எங்கோ முப்பது பக்கம் தள்ளிக் கழன்று வரும். பின்பக்கம் எட்டுப் பிள்ளைகள், மறுபாதியில் பதினாறு. அதே பக்கத்தில் ஏழாவது வரிசையைப் பார்த்தாள். 'அழவில்லை' என்று எழுதியிருந்தது. அப்படிப்பட்டதற்குப் பாதக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்பது சட்டம். அவள் விடவில்லை. அந்தத் தாய் கேட்டாள் என்பதற்காக அதற்கும் மை தொட்டு ஒத்தி எடுத்திருந்தாள், அஞ்சு விரலும் அழகாக. எங்கேயும் நடக்காத பாதம். அவள் கை தாளின் ஓரத்திலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே மெஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது.

"கிடைச்சுதாம்மா?"

"தேடுறேன்" என்றாள் நர்ஸம்மா.

வியாழக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு விட்டது. நர்ஸம்மா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள் தைத்து முடித்த சின்னச் சட்டைகள் ஏழெட்டு, மடித்து அடுக்கியிருந்தன. அந்த அடுக்குக்குக் கீழே கெட்டி அட்டை போட்ட புத்தகம், முழுசாக, தொடையில் கல் மாதிரி கனத்தது. காலையிலிருந்து அடுப்படிக்கு இரண்டு தடவை கொண்டுபோய், இரண்டு தடவையும் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

கேட் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு முழங்கால் இடி. பிறகு இழுவை.

அவன் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது போல, கவிழ்த்துக் கொட்டினான். வாசல் சுவரை ஒரு தட்டுத் தட்டினான். இரண்டு நாளுக்குள் அதன் சத்தம் அவளுக்கும் பழகிவிட்டிருந்தது, வெத்துச் சுவர்.

"இந்த மழைக்கு இது இன்னும் ஊறிடுச்சு நர்ஸம்மா" என்றான். "பக்கத்துல யாரையும் படுக்க விடாதீங்க. அந்தப் பொண்ணு கட்டில் அங்கதானே கிடக்கு."

அது அக்கறையா, வேறேதாவதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அவன் குரலில் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.

"தேதி கிடைச்சுதா?"

அவள் வாயைத் திறந்தாள். உள்ளறையில் தையல் மெஷின் நின்றது. பதிலைக் கேட்க மகளும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தான். காலைத் துடைக்கவில்லை. நேற்றுத்தான் மெழுகு போட்டுத் தேய்த்த சிவப்புத் தரையில் ஈரம் பளிச்சென்று பதிந்தது. வலது குதிகால், நடுவில் ஒரு பள்ளம், அதற்குமேல் புள்ளி நாலு. அடுத்தது இடது கால், அதில் ஐந்து. மறுபடி வலது குதிகால், பள்ளம், நாலு புள்ளி. நர்ஸம்மா இரண்டு கையாலும் சட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் எழுதிக்கொண்டே வந்து, அவள் நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றன. வாசல் பக்கம் பதிந்தவை காய ஆரம்பித்திருந்தன. கடைசியாகப் பதிந்தது மட்டும் காயவில்லை.